காளானும் சந்தையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நோயெதிர்ப்பாற்றலை வளர்ப்பனவாக விற்கப்படும் காளான் குளிசைகளைத் தொன்மையான இயற்கை மருத்துவத்தின் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றின் வரலாறு உற்பத்தியோடும் சட்டத்தோடும் சந்தையோடும் பிணைந்தது.

யப்பானிய விவசாயிகள் தோக்குகாவா காலத்திலேயே மரக்குற்றிகளைக் கொத்தி ஷீட்டாக்கே காளானை வளர்த்தனர். அக்காளானிலிருந்து பிரித்தெடுத்த பல்சக்கரைட்டுகள் சுண்டெலிகளிற் கட்டிவளர்ச்சியைத் தடுத்தனவென 1969இல் கோரோ சிஹாரா குழுவினர் அறிவித்தனர். அவற்றுள் ஒன்றான லெந்தினான், 1985இல் யப்பானில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. இரைப்பைப் புற்றுநோயாளருக்கு, ஏனைய புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்து, ஊசிமூலமே அது செலுத்தப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

குறைநிரப்பு உணவின் பயனை விற்பனைக்கு முன்னர் அரசிடம் நிரூபிக்கும் கடப்பாட்டை ஐக்கிய அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியாளர்மீது சுமத்தவில்லை. அச்சட்டத்தின்படி, நோயைக் குணப்படுத்தும் எனக் கூறலாகாது. எதிர்ப்பாற்றலுக்குத் துணைபுரியும் எனக் கூறலாம். இவ்விரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே இலாபம் வேர்கொள்கின்றது. ஊசிமருந்து ஈட்டிய ஆய்வுப் பெருமை, விழுங்கும் குளிசைக்கு விளம்பரமாகின்றது.

காளானின் வேதியியலை மேலும் ஆராய்தல் அவசியமே. ஆயின் போதிய உணவு, தூய நீர், தடுப்பூசி ஆகியவற்றால் சமூகம் பேணவேண்டிய எதிர்ப்பாற்றல், வசதியுள்ளோர் வாங்கும் சரக்காகச் சுருங்குவதை நாம் ஏற்றல் இயலாது.