வழித்துணை

வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். அந்தக் கோயிலின் மதிலழகைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கென்னவோ சுவாமியின் பெயர்தான் அதைவிட அழகாகத் தோன்றுகிறது. கூட நடந்து வருகிறவர் என்று கடவுளுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், அந்த வழியில் நடந்தவர்கள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்!

மிளகு மூட்டைகளோடு காஞ்சிக்குப் புறப்பட்ட வணிகன் ஒருவன் கள்வருக்கு அஞ்சி இறைவனை வேண்டினான். இறைவன் வீரனாக வந்து உடன் போய்க் காத்தார் என்பது ஸ்தல வரலாறு. கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அதிலுள்ள பயம் சரித்திரம். இன்று தோல் லாரிகள் ஓடுகிற இந்தப் பள்ளத்தாக்குதான் மைசூர்ப் பீடபூமியிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழி. வணிகர்களும் வந்தார்கள், படைகளும் வந்தன. ஆற்காட்டு நவாப் அன்வாருத்தீன் 1749-இல் மாண்டது ஆம்பூர்ப் போரில்தான். சேனை சூழ இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், ஒற்றை ஆள் எம்மாத்திரம்?

ஆனால் துணையிருந்தால் நடந்தே இராத பயணமும் உண்டு. 1896 ஆகஸ்டில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மதுரையிலிருந்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். மாம்பழப்பட்டு வரை ரயில். காசு தீர்ந்ததும் அறையணிநல்லூருக்கு 10 மைல் நடை. சிநேகிதன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டிருந்தால் அவன் விழுப்புரத்திலேயே புத்தி சொல்லித் திருப்பியிருப்பான். நமக்கு ரமண மகரிஷி கிடைத்திருக்க மாட்டார். தனிவழியின் லாபம் இதுதான்: போகிற காரியத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நஷ்டமும் அதே பயணத்தில் இருக்கிறது. கீழூர்க் கோயிலில் மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுத்தார். தண்ணீர் தேடிப் போன பையன் வழியில் மயங்கி விழுந்தான், சோறு சிதறியது. ஊருக்குள் விழுந்ததால் பார்க்க நாலு பேர் கூடினார்கள். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டு, கடுக்கனை வைத்துக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தார். தனியாகப் போனவனை ஊர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மயக்கம் நடுக்காட்டில் வந்திருந்தால்?

அதற்காகக் கூட்டமாய்ப் போனால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் யாரும் தனியாகப் போனவர்கள் அல்ல. விரிஞ்சிபுரத்து வணிகனுக்குக் கிடைத்ததோ கூட்டம் அல்ல. காக்கத் தெரிந்த ஒருவர்.

ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ தனியே போக ஆசைப்படும் இளைஞர்கள் என்னைக் கேட்டால், சாலையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தனியாக நடவுங்கள் என்பேன். காட்டுப் பாதை என்றால், காட்டிலாகாவின் அனுமதியோடு, மலையூர்க்காரர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இடைஞ்சலாக இருந்தால், அவரைப் பத்தடி முன்னால் நடக்கச் சொன்னால் போகிறது.