கோழிக்குழம்பின் வரலாறு: முத்தாண்டிக்குப்பம் – நெய்வேலி வட்டாரம்

கோழிக்குழம்பு என்பது கோழி இறைச்சியை வெங்காயம், மிளகாய், மல்லி முதலியவற்றோடு வதக்கி, மூடிய பாத்திரத்தில் மெதுவாக வேகவைத்து எடுக்கும் குழம்பு. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் அருகில் உள்ள முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் விருந்தாளி வந்தாலும், பண்டிகை முடிந்த மறுநாளிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வைக்கப்படும் குழம்பு இது. இதைப் 'பாட்டி காலத்துச் சமையல்' என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் சட்டிக்குள் விழும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பல கடல் கடந்து வந்தவை என்பது தெரியவரும். இக்குழம்பில் உண்மையிலேயே பழையது எது, புதியது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோழி வீட்டுக்கு வந்த வரலாறு

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் தென்கிழக்காசியாவில் நெல், தினை வயல்களை ஒட்டி அது மனிதரோடு வாழப் பழகியது என்று அண்மைக்கால எலும்பு ஆய்வுகள் கூறுகின்றன. தானியம் சிந்திய இடத்தைத் தேடிக் கோழி வந்தது; வந்த கோழியை மனிதர் வைத்துக்கொண்டனர். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. பல வீட்டுக்கோழிகளுக்கு உள்ள மஞ்சள் தோல் நிறம் இந்தக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்பதை 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

சங்க காலத்தில் கோழி தமிழர் வாழ்வில் ஊன்றிவிட்டது. சோழர் தலைநகரான உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் இருந்தது. முருகனின் கொடியில் சேவல் இருந்தது. பெட்டைக்கோழிக்கு 'அளகு' என்று தனிச்சொல் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில், வழிப்போக்கரான பாணருக்கு வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியை வாட்டிக் கொடுக்கும் செய்தி வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது 'வாட்டு' என்ற சொல். அங்கே சொல்லப்படுவது தீயில் வாட்டிய உணவு. இன்றைய குழம்பு அன்று. ஆனால் விருந்தினருக்கு வீட்டுக்கோழியைச் சமைத்துப் போடும் வழக்கம் அன்றும் இருந்தது என்பது தெளிவு.

சொற்கள் சொல்லும் வரலாறு

ஒரு பொருள் உள்ளூரில் தோன்றியதா, வெளியிலிருந்து வந்ததா என்பதை அதன் பெயரே பல நேரங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

சங்க இலக்கியத்தில் 'கறி' என்றால் மிளகு. அக்காலத்தில் உணவுக்குக் காரம் கொடுத்தவை மிளகும் இஞ்சியும் போன்ற பொருள்களே. மிளகாய் தென் அமெரிக்க, மெக்சிகோ நிலங்களுக்கு உரியது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். அதன்பின் போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் இந்தியக் கடற்கரைக்கு வந்தது. புதிய காயைப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த காரத்தை வைத்தே அதற்குப் பெயரிட்டனர். மிளகு போல் உறைக்கும் காய், மிளகாய் ஆயிற்று.

தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. 'தக்காளி' என்ற பெயர் மட்டும் இங்கே ஏற்கெனவே இருந்தது. மணத்தக்காளி என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது. பழைய பெயர் புதிய பழத்துக்குச் சென்று, கடைசியில் அதற்கே சொந்தமாகிவிட்டது. தக்காளி இந்தியச் சமையலில் பரவலானது 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

கடலூர், விழுப்புரம் பகுதிகளில் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பர். 'மணிலாக்கொட்டை' என்பதன் திரிபு அது. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டு நகரின் பெயரைச் சுமந்து இவ்வட்டாரப் பேச்சில் நிலைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர்பெற்றது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக இக்கடலை பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. குழம்பு தாளிக்கும் எண்ணெயின் பின்னால் இப்படி ஒரு கப்பல் பாதை இருக்கிறது.

முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துகீசியரே அதையும் கொண்டுவந்தனர். முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம் பகுதியின் செம்மண் மேட்டுநிலம் அதற்கு ஏற்றதாக அமைந்தது. இன்று இவ்வட்டாரத்தின் அடையாளமே முந்திரியும் பலாவும்தான். குழம்பைக் கெட்டிப்படுத்த முந்திரிப்பருப்பை அரைத்து ஊற்றுவதும், பச்சை முந்திரி கிடைக்கும் கோடைக் காலத்தில் முழுப் பருப்பையே குழம்பில் போடுவதும் இந்த மரத்தால் வந்த பழக்கங்கள். முந்திரிச் சருகும் காய்ந்த கிளைகளும் அடுப்புக்கு விறகாயின.

ஆக, மிளகாயும் தக்காளியும் கடலையெண்ணெயும் முந்திரியும் வந்தேறிகள். மஞ்சள், இஞ்சி, மிளகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவை அவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொண்டன.

கடலுக்கு அப்பால் ஓர் உறவு

கடலுக்கு அப்பால் இதே முறையில் இன்னொரு கோழிக்குழம்பும் உருவாகியிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் கேஜன் மக்களின் 'ஸ்மதர்டு சிக்கன்' அது. மூச்சடைக்க மூடி வேகவைத்த கோழி என்பது அப்பெயரின் பொருள். 'எதூஃபே' என்ற அவர்களுடைய பிரெஞ்சுச் சொல்லும் அதையே குறிக்கும்.

கேஜன் மக்கள் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். அப்பகுதிக்கு அக்கேடியா என்று பெயர். 'அக்கேடியன்' என்பதே 'கேஜன்' எனத் திரிந்தது. 1755 முதல் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களை ஊரைவிட்டு விரட்டியது. குடும்பங்கள் பிரிந்து பல கரைகளில் சிதறின. அவர்களில் பலர் 1760களின் நடுவில் லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்துசேர்ந்தனர்.

அதே ஆங்கில – பிரெஞ்சுப் பகை அப்போது கடலூர்க் கரையிலும் நடந்துகொண்டிருந்தது. 1758இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றினார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஒரே பகை இரு கண்டங்களின் ஊர்களைக் கலைத்தது.

நிலத்தை இழந்த அக்கேடியர், கையில் இருந்த சமையல் முறையைப் புதிய நிலத்தின் பொருள்களோடு சேர்த்தனர். கோதுமைக்குப் பதில் அரிசி கிடைத்தது. அரிசி வேளாண்மையின் அறிவையும் வெண்டைக்காயையும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கொண்டுவந்திருந்தனர். இன்று அந்தக் குழம்பையும் சோற்றில் ஊற்றித்தான் உண்கிறார்கள்.

இரண்டு செய்முறைகள்

கேஜன் முறையில் செய்ய, சுமார் ஒன்றரை கிலோ கோழியைத் துண்டுகளாக்கி உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் தடவ வேண்டும். கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்து, துண்டுகளை எல்லாப் பக்கமும் நன்கு சிவக்க வறுத்து எடுத்துவிட வேண்டும். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி எறியக் கூடாது; சுவை அதில்தான் இருக்கிறது. அதிலேயே 2 பெரிய வெங்காயம், 1 குடைமிளகாய், 2 தண்டு செலரி, 4 பல் பூண்டு ஆகியவற்றை நறுக்கிப் போட்டு, வெங்காயம் தேன் நிறமாகும்வரை வதக்க வேண்டும். 1 தேக்கரண்டி மைதா தூவிக் கிளறி, 2 கோப்பை நீர் ஊற்றி, கோழியைத் திரும்பப் போட்டு இறுக மூடி, மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விட வேண்டும். இறைச்சி எலும்பை விட்டு விலகும் பதமே சரியான பதம்.

நம் வட்டார முறையில், 1 கிலோ நாட்டுக்கோழிக்கு மஞ்சள் பூசி, தோலோடு அனலில் வாட்டிய பின் துண்டுகளாக்குவர். 10 முதல் 12 காய்ந்த மிளகாய், 3 மேசைக்கரண்டி மல்லி, 1 தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு ஆகியவற்றை வறுத்து அம்மியில் மைய அரைத்துக்கொள்வர். மண்சட்டியில் எண்ணெய் ஊற்றித் தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, 2 தக்காளி எனப் போட்டு வதக்கி, கோழியையும் போட்டுப் பிரட்டுவர். கோழியிலிருந்து வரும் நீரிலேயே அது சற்று நேரம் மூடி வேக வேண்டும். பிறகு அரைத்த மசாலாவும் நீரும் சேர்த்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை வேகவைத்து, கடைசியில் 12 முந்திரிப்பருப்பை அரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே பிரிந்ததும் இறக்குவர்.

இரண்டையும் ஒப்பிட்டால் பொருள்கள் வேறு, முறை ஒன்று என்பது புரியும். முற்றிய கோழியின் தசையில் நார்த்திசு மிகுதி. நீண்ட நேர மிதமான சூட்டில் அது கரைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. மூடியும் சிறுதீயும் பொறுமையும் இரண்டு சமையலறைகளுக்கும் பொது.

அடுப்பு மாறிய காலம்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது.

நிலக்கரி என்றால் மின்சாரம் மட்டுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால் அது சமையலறைக்கும் வந்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்திக் கரியாக்கி, 'லெகோ' என்ற பெயரில் வீட்டு எரிபொருளாக அந்நிறுவனம் விற்றது. லெகோ பற்றிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். பற்றிய பின் புகையின்றி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். மூடி வேகவைக்கும் குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான தீ இல்லை. பின்னர் சமையல் எரிவாயு பரவியது. 2006க்குப் பின் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பும், 2011க்குப் பின் இலவச மிக்சியும் கிரைண்டரும் வழங்கியதால் விறகும் அம்மியும் பின்வாங்கின. புகையில் கண் எரிந்தும், அம்மியில் கை வலித்தும் சமைத்த பெண்களுக்கு இது பெரிய விடுதலை என்பதை மறுக்க முடியாது.

இதே வட்டாரத்தில் இன்னோர் அடுப்பும் புகழ்பெற்றது. 1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டினார். புலால் மறுத்த அவருடைய நினைவாகத் தைப்பூசத்தன்று தமிழகத்தில் இறைச்சிக் கடைகள் மூடப்படுகின்றன. கோழிக்குழம்பும் கொல்லாமையும் சில கல் தொலைவில் அருகருகே வாழ்வது இவ்வட்டாரத்தின் தனித்தன்மை.

'நாட்டுக்கோழி' என்ற புதுப்பெயர்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிராமத்தில் யாரும் 'நாட்டுக்கோழி' வாங்கவில்லை. அவர்களிடம் இருந்தது வெறும் 'கோழி'. பண்ணைக்கோழி வந்தபின்தான் பழையதைப் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது. பல்லடம், கோயம்புத்தூர் பகுதிகளை மையமாகக் கொண்டு ஒப்பந்தமுறைக் கறிக்கோழி வளர்ப்பு 1990களில் வேகமாகப் பரவியது. கறிக்கோழி ஏறக்குறைய 40 நாளில் 2 கிலோ எடையை எட்டுகிறது. நாட்டுக்கோழிக்கு ஒன்றரை கிலோவை எட்டவே ஐந்தாறு மாதம் ஆகும். கறிக்கோழி 20 நிமிடத்தில் வெந்துவிடும். எப்போதோ கிடைத்த இறைச்சி, வாரந்தோறும் ஏழைகளுக்கும் கிடைக்கும் உணவானது இதனால்தான்.

ஆனால் நாட்டுக்கோழிக்குத் தேவை ஒரு கொல்லை. நெல் புடைக்கும் இடமும், கிளறக் குப்பைமேடும், மதிய வெயிலுக்கு ஒரு மர நிழலும் அதற்கு வேண்டும். முட்டையும் கோழியும் விற்ற காசு வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கும், அவசரத்துக்கும் உதவியது. 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயல், இம்மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மறுபுறம், 1980களில் இரண்டாம் சுரங்கம், 2003இல் 1ஏ சுரங்கம் எனச் சுரங்கங்கள் விரிய, நெய்வேலியைச் சுற்றிய பல ஊர்கள் இடம் மாறின. நிலத்துக்கு இழப்பீடு கணக்கிடும்போது மரத்துக்கும் வீட்டுக்கும் விலை உண்டு. கொல்லையில் மேய்ந்த கோழியும் அதனால் வந்த சிறு வருமானமும் புது மனையின் சிறு இடத்தில் தொடர்வது கடினம்.

மிளகாயும் முந்திரியும் தக்காளியும் வந்தபோது குழம்பு கெடவில்லை, வளர்ந்தது. அவற்றை ஏற்றுக்கொண்ட கொல்லையும் அடுப்பும் வீட்டில் இருந்தன. அக்கேடியர் கோழிக்குழம்பைத் தொடர முடிந்ததும், லூசியானாவில் அவர்களுக்கு மீண்டும் ஒரு துண்டு நிலம் கிடைத்த பிறகுதான். முத்தாண்டிக்குப்பம் வட்டாரக் குழம்பின் அடுத்த நூற்றாண்டை, எந்தப் புதுப் பொருள் வந்து சேர்கிறது என்பதைவிட, வீட்டுக்குப் பின்னால் கோழி மேய இடம் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கும்.