528 பக்கமும் ஒரு கட்டுச் சீட்டும்

டொரண்டோவில் ஜனவரி என்றால் வீட்டுச் சிறை என்று அர்த்தம். போன குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பையனும் அவன் கூட்டாளிகளும் ஆடியது ஒரே ஆட்டம்தான். பெயர் மன்ச்கின் ஸ்டார்ஃபைண்டர். சீட்டாட்டம்தான், ஆனால் ராஜா ராணி கிடையாது. விண்கலம், லேசர் துப்பாக்கி, மந்திரவாதி, எலி முகத்து ஆசாமி என்று ஒரே கூத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை.

வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் பொடி எழுத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பெட்டியைத் திருப்பிப் படித்தேன். ஒரு கம்பெனியின் ஆட்டம், இன்னொரு கம்பெனியின் பெயர்கள், நடுவில் ஓர் உரிமம். ஒருவரைக் கேலி செய்வதற்கு அவரிடமே கையெழுத்து வாங்குவார்களா? தோண்ட ஆரம்பித்தேன். அது கடைசியில் கொழிஞ்சாம்பாறை வரை கொண்டுபோய் விட்டது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் மூலத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஓடிவிடுகிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்று பகடை தீர்ப்புச் சொல்லும். தெருக்கூத்துக்கும் தாயத்துக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கடை விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். வருஷம் 1974. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கினார்கள். முதலில் அச்சடித்தது 1000 பிரதிகள்.

அந்த வம்சத்தில் வந்ததுதான் ஸ்டார்ஃபைண்டர். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பைசோ என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. அறிவியலும் மந்திரமும் கலந்த உலகம். கோலாரியன் என்ற கிரகமே காணாமல் போய்விட்டது. அது எப்போது போனது, எப்படிப் போனது என்று யாருக்கும் நினைவில்லை, சரித்திரத்திலேயே பெரிய ஓட்டை. நாலு கை மனிதர்கள் உண்டு. கன்னத்துப் பையில் சாமான் அடக்கிக்கொள்ளும் எலி மனிதர்கள் உண்டு. விதிப் புத்தகம் மொத்தம் 528 பக்கம். நான் பி.காம். படித்தபோதுகூட அவ்வளவு தடியான புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை.

மன்ச்கின் வேறு கதை. டெக்சாஸ் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 2001-இல் கொண்டுவந்த சீட்டாட்டம் அது. வடிவமைத்தவர் ஸ்டீவ் ஜாக்சன், படம் போட்டவர் ஜான் கொவாலிக். கதையைப் பற்றிக் கவலைப்படாமல், எப்படியாவது தானே பெரிய ஆளாகிவிட வேண்டும் என்று அழிச்சாட்டியம் பண்ணும் ஆட்டக்காரனுக்கு அந்த வட்டாரத்தில் மன்ச்கின் என்று பட்டப்பெயர். அந்த ஆளையே நாயகனாக்கிவிட்டார்கள். மொத்தம் 168 சீட்டு, இரண்டு கட்டு. ஒரு கட்டு கதவு, இன்னொன்று புதையல். கதவைத் திறந்தால் பூதம் வரும். உன் பலத்தையும் அதன் பலத்தையும் கூட்டிக் கழித்துப் பார். போதவில்லையா, பக்கத்து ஆளிடம் உதவி கேள். அவன் புதையலில் பங்கு கேட்பான். மூன்றாவது ஆள் பூதத்துக்குப் பலம் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பான். முதலில் பத்தாம் நிலைக்குப் போனவன் ஜெயித்தான். விதியில் வராத தகராறு என்றால் சத்தம் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம், கடைசி வார்த்தை பெட்டிக்குச் சொந்தக்காரனுடையது. நம் ஊர்ப் பஞ்சாயத்து கெட்டது!

நிற்க. இந்த 528 பக்கம் அந்தச் சிறு பெட்டிக்குள் எப்படிப் போனது என்று பார்த்தால், மூல ஆட்டத்தின் விதி எதுவுமே உள்ளே போகவில்லை. கதை சொல்லி இல்லை, பகடைக் கணக்குகள் இல்லை, பல வாரம் நீளும் பயணம் இல்லை. விதியெல்லாம் மன்ச்கினுடையது. ஸ்டார்ஃபைண்டரிலிருந்து வந்தவை பெயர்கள், இனங்கள், அந்த உலகத்தின் வாசனை, அவ்வளவுதான். அதற்குத்தான் உரிமம்.

ஏன் பெயருக்கு மட்டும் உரிமம்? இதற்கு விடை ஒரு கணக்குப் பதிவியல் வழக்கில் இருக்கிறது என்று தெரிந்தபோது, வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. சார்ல்ஸ் செல்டன் என்ற அமெரிக்கர் 1859-இல் ஒரு புத்தகம் போட்டார். ஒரு நாளின், வாரத்தின், மாதத்தின் வரவு செலவு முழுவதையும் ஒரே பக்கத்திலோ எதிரெதிர் பக்கத்திலோ பார்க்கும்படி பேரேட்டுக்குப் புது மாதிரிக் கட்டங்கள். பிறகு பேக்கர் என்பவர் அதே முறையில் பேரேட்டுத் தாள்கள் போட்டு விற்றார். செல்டன் இறந்தபின் அவர் மனைவி வழக்கை நடத்தினார். 1879-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: புத்தகத்தின் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு, அதில் விளக்கிய கணக்கு முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆட்ட விதிகளை யாரும் பதிப்புரிமையால் பூட்ட முடியாது என்பதற்கு இன்றுவரை அடிப்படையாகக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

அதாவது விதி ஊர்ச் சொத்து. அதை எழுதிய வாசகம், படம், பெயர் ஆகியவை தனிச் சொத்து.

கேட்கச் சுலபமாக இருக்கிறது, நடைமுறையில் குழப்பம்தான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2000-இல் ஒரு திறந்த உரிமம் கொடுத்தது. பைசோவின் ஆட்டங்களும் அதன் மேல்தான் வளர்ந்தன. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. பிழைப்பே போய்விடும் என்று சின்னச் சின்னப் பதிப்பாளர்கள் அலறினார்கள். எதிர்ப்பைத் தாங்காமல் அதே மாதம் 27-ஆம் தேதி விசார்ட்ஸ் பின்வாங்கியது. பைசோவோ யாரும் திரும்பப் பெற முடியாத புது உரிமம் ஒன்றைத் தயாரிக்க இறங்கியது. பணயம் வைத்த சொத்தைக் கேட்டால் எவனும் தூங்க மாட்டான். எனக்கு இது தொழில்முறை அனுபவம்.

இதையெல்லாம் படித்தபோது நினைவுக்கு வந்தது எங்கள் ஊர் இருபத்தெட்டு.

நான் சித்தூர் தாலுகாக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பஸ் ஏறினால் பொள்ளாச்சி. அம்மா வழி மாமா மூணாறில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளார்க். கொழிஞ்சாம்பாறைக் கல்யாண வீட்டுத் திண்ணையிலும் சரி, ஆடி மழையில் மூணாறு லயத்திலும் சரி, ஆட்டம் ஒன்றுதான். 32 சீட்டு, நாலு பேர், இரண்டு கட்சி. குலானுக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு நிறத்துக்கும் கூட்டினால் 28. "குலான் கையில இருந்தா கலெக்டர் வந்தாலும் எந்திரிக்காதடா" என்பார் பெரியப்பா.

குலான் என்பது ஜாக்கி. உருதுவில் குலாம், அடிமை என்று பொருள். அடிமை ராஜாவை வெட்டும் ஆட்டம்! இஸ்பேடு போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். கிளாவர் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. 1663-இல் கொச்சியைப் பிடித்தவர்கள் அவர்கள். ஜாக்கியும் ஒன்பதும் உச்சத்தில் இருக்கும் இந்த வரிசையே டச்சு நாட்டு ஆட்டங்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆட்ட வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் ஆடும் 304-லும் அதே வரிசைதான்: 30, 20, 11, 10, 3, 2. நாலு நிறத்துக்கும் கூட்டிப் பாருங்கள், 304 வரும். 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் வாரிசுகள் டர்பனில் துன்னீ என்று ஆடுவதும் இதே கணக்குத்தான். கொச்சி, மூணாறு, யாழ்ப்பாணம், டர்பன். எங்கேயும் யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

கேலிக்கும் குறைவில்லை. எங்கள் பக்கம் தோற்ற கட்சிக்குக் குணுக்கு மாட்டிவிடுவார்கள். காதில் சீட்டையோ இலையையோ தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். ஒருமுறை மூணாறு மாமா, தன் மேலதிகாரி உள்ளே வந்தபோதும் குணுக்கைக் கழற்றவில்லை. விதி விதிதானே!

ஆனால் இலவசமாகப் பயணம் போகும் விதிக்கு ஓர் ஆபத்து உண்டு. கதையை வழியில் தொலைத்துவிடும். நம் பரமபதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஏணியும் ஒரு புண்ணியம், ஒவ்வொரு பாம்பும் ஒரு பாவம், உச்சியில் வைகுண்டம். 1890-களில் இங்கிலாந்தில் அது ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ் ஆனது. வைகுண்டம் போய் அவர்களுடைய நல்லொழுக்கப் பாடங்கள் வந்தன. பிறகு அந்தப் பாடங்களும் போயின. அமெரிக்காவில் 1943-இல் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தார்கள். விதி மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது அதைப் பார்த்து ஒரு பிள்ளையும் சிரிக்காது, பயப்படாது, எண்ணை மட்டும் எண்ணும்.

மன்ச்கின் ஸ்டார்ஃபைண்டர் சிரிக்க வைப்பதற்குக் காரணம் ஆடுகிறவர்களுக்கு மூலம் தெரியும் என்பதுதான். எலி மனிதன் யார் என்று என் பையனுக்குத் தெரியும், அதனால் அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு அது வெறும் எலி. அந்தக் கம்பெனி காசு கொடுத்து வாங்கியது பெயர்களை மட்டுமல்ல, ஆட்டக்காரர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த ஞாபகத்தையும்தான்.

சவந்த்வாடியில் இன்றும் தசாவதாரக் கஞ்சிஃபா சீட்டுகள் வரைகிறார்கள். வட்டச் சீட்டு, அவதாரத்துக்குப் பன்னிரண்டாக மொத்தம் 120. ஒரு புராணத்தையே கைக்குள் அடக்கிய வேலை. மச்சமும் கூர்மமும் யார் என்று வீட்டில் பாட்டி சொல்லி வைத்திருந்ததால்தான் அந்தச் சீட்டுக்கு உயிர் இருந்தது.

நம் வீட்டுக் கணக்கும் அதுதான். இருபத்தெட்டின் விதியைப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம், செலவில்லை, உரிமம் வேண்டாம். ஆனால் குணுக்கைக் கண்டு அவர்கள் சிரிக்க வேண்டுமானால், கழற்ற மறுத்த மூணாறு மாமா யார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.