விலங்கு கழன்ற பிறகும்

நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டு, இங்கே பக்டரியில் வேலை செய்பவன். ஊரில் வரலாற்றுப் பாடத்தில் இருந்த ஆசை மட்டும் இன்னும் விடவில்லை.

என்னோடு இரவு வேலை செய்யும் ஜமேக்காக்காரர் ஒருவரிடம், "உங்கட பெயர் வெள்ளைக்காரப் பெயராய் இருக்கே" என்று ஒருநாள் கேட்டேன். "அது எங்கட பெயரில்லை, எங்கட ஆட்களை வாங்கினவன்ர பெயர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் குடித்த தேத்தண்ணி இறங்கவில்லை. அதன்பிறகு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலிலேயே இறந்துபோனார்கள். கரைசேர்ந்தவர்கள் பெயரை இழந்தார்கள், மொழியை இழந்தார்கள்.

ஜமேக்காவை ஆண்ட பிரித்தானியா 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து, 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளுக்கல்ல, எசமான்களுக்கு! அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது. அதுவரை வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் சந்ததியினரும் இருந்தார்கள்.

அமெரிக்காவில் தாயை ஓரிடத்துக்கும் பிள்ளையை வேறிடத்துக்கும் விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1865இல் விடுதலை கிடைத்தபின், தாயைத் தேடியும் பிள்ளையைத் தேடியும் கறுப்பின மக்களின் பத்திரிகைகளில் பல வருடங்களாக விளம்பரங்கள் வந்தன. தேடியவர்களில் மிகச் சிலருக்கே சொந்தங்கள் கிடைத்தன.

அடிமைமுறை போனாலும் அதன் வழியில் வந்த நிறப்பிரிவினைச் சட்டங்கள் நின்றன. அவை மனதை என்ன செய்தன? கெனத் கிளாக், மேமி கிளாக் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் மண்ணிறப் பொம்மையையும் காட்டினார்கள். "நல்ல பொம்மை எது?" என்று கேட்க, அரைவாசிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. "உன்னைப்போல இருப்பது எது?" என்றபோது சில பிள்ளைகள் அழுதன. 1954இல் பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் கணக்கில் எடுக்கப்பட்டது.

மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் நிறம் கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தது? பெற்றோர் வாய்திறந்து சொல்லியிருக்கமாட்டார்கள். கடை, பள்ளிக்கூடம், தெரு எல்லாமே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தன. காலில் பூட்டிய விலங்கு ஒருநாளில் கழன்றது. மனதில் பூட்டியது பிள்ளைக்கும் பேரனுக்கும் கைமாறியது.

வேலைத்தலத்தில் என் பெயரையும் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் முழுப்பெயர் எனக்குத் தெரியும். என் நண்பருக்குத் தன் பாட்டனாரின் பாட்டனாருடைய பெயர் தெரியாது.

எங்கட வீடுகளில் "கறுவல்", "காப்பிலி" என்று அந்தச் சனங்களைச் சொல்லிக் கதைக்கிறோம். நானும் கதைத்தவன்தான். மேசையடியில் இருந்து பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்குதுகள். இந்த வருடத்தோடு அந்தச் சொற்களை விடுவோம்.