இளம் ஆண் நாயும் அயல் நாய்களும்: சினம் வளரும் வழியும் தணிக்கும் முறையும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

குட்டியாக இருந்தபோது எந்த நாயோடும் விளையாடிய ஆண் நாய், ஒரு வயதை நெருங்கும்போது முன்பின் அறியாத நாயைக் கண்டு உறுமத் தொடங்குகிறது. சில மாதங்களில் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறது. நாய் வளர்ப்போர் பலரும் கண்டு திகைக்கும் மாற்றம் இது. தமிழக நகரத் தெருக்களில் கயிற்றில் நடத்திச் செல்லப்படும், 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள ஆண் நாயையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரே வீட்டு நாய்களின் சண்டையும் மனிதர்மேல் பாயும் இயல்பும் தனி ஆய்வுக்குரியவை. இங்கு நிறுவ முயல்வது ஒன்றே: இச்சினம் பெரும்பாலும் எதிர்நாயை விலக்கும் உத்தியாகக் கற்கப்படுகிறது, பலிக்கும் ஒவ்வொரு முறையும் வலுக்கிறது. ஆகவே அதைத் தணிக்கும் வழி இடைவெளியைக் கையாள்வதிலிருந்தே தொடங்க வேண்டும்.

2. காரணங்கள்

2.1 குட்டிப் பருவக் குறை

அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நடத்திய நெடுநாள் ஆய்வு 1965-இல் நூலாயிற்று. ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் பழகியவற்றையே குட்டி இயல்பானதாக ஏற்கிறது என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. நம் வீடுகளில் பார்வோ நோய்க்கு அஞ்சி, தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை குட்டியை வெளியே விடுவதில்லை. அச்சம் நியாயமானது, ஆனால் தவணை முடிவதற்குள் அந்தப் பருவமும் முடிந்துவிடுகிறது. குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிச் சென்று தெருவைக் காட்டுவதும், தடுப்பூசி போட்ட நிதானமான நாய்களோடு பழக்குவதும் இதற்கு இடைவழி.

2.2 விடலைப் பருவம்

2020-இல் பிரிட்டனில் வழிகாட்டி நாய்க்குட்டிகளிடம் நடத்திய ஆய்வில், 5 மாதத்தில் சொற்கேட்ட குட்டிகள் 8 மாதத்தில் தம்மை வளர்ப்பவருக்குக் கீழ்ப்படிவது குறைந்தது. ஆண்மைச் சுரப்பு ஏறுவதும், காலைத் தூக்கிச் சிறுநீர் தெளிப்பதும், பெட்டை நாய் பருவத்துக்கு வரும் நாட்களில் பிற ஆண் நாய்களோடு மோதுவதும் இக்காலத்தில்தான். வளர்ந்த ஆண் நாய்களும் குட்டிக்குக் காட்டிய பொறுமையை இவனிடம் காட்டுவதில்லை.

2.3 தெருவும் கயிறும்

கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்கின்றன 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். எனவே ஒரு தெருவின் நாய்கள் ஏறத்தாழ அதன் நிலைக்குடிகள். நடைக்குப் போகும் வீட்டு நாய் நாள்தோறும் அவற்றின் எல்லைகளைக் கடக்கிறது. கயிற்றில் இருப்பதால் வளைந்து நெருங்கி மோப்பம் பிடிக்கவும் இயலாது, விலகி ஓடவும் இயலாது. மிஞ்சும் வழி குரைத்து விரட்டுவது. குரைத்ததும் எதிர்நாய் ஒதுங்குகிறது, அல்லது பதறிய உரிமையாளர் இழுத்துச் செல்கிறார். இரண்டிலும் தன் குரைப்பே வென்றதாக நாய் கற்கிறது.

2.4 உடல்நோய்

காதுப் புண், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் போன்றவை பொறுமையைக் குறைக்கும். சினம் திடீரெனத் தோன்றினால் பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

3. அறிகுறிகளின் படிநிலை

பாய்ச்சலுக்கு முன் நாய் பல முறை எச்சரிக்கிறது. முதற்படியில் முகத்தைத் திருப்பும், மூக்கை நக்கும், தூக்கமின்றியே கொட்டாவி விடும். இரண்டாம் படியில் உடல் விறைக்கும், வாய் மூடும், பார்வை ஒரே புள்ளியில் நிலைக்கும். மூன்றாம் படியில் முதுகுமயிர் சிலிர்க்கும், உறுமல் எழும். அதன் பின்னரே பாய்ச்சல். வாலாட்டுவதை நட்பெனக் கொள்வது பிழை. உயர்த்திய வால் விறைப்பாக அசைந்தால் அது கிளர்ச்சியின் குறி. கையாள்பவர் செயல்படவேண்டியது முதற்படியில். மூன்றாம் படியில் எதையும் கற்பிக்க முடியாது.

4. சீராக்கும் முறை

4.1 தாங்கெல்லையை அறிதல்

அயல் நாயைப் பார்த்தும், கொடுத்த தீனியை வாங்கித் தின்னக்கூடிய மிகக் குறைந்த தொலைவே தாங்கெல்லை. அது ஒரு நாய்க்கு 10 மீட்டராகவும் இன்னொன்றுக்கு 50 மீட்டராகவும் இருக்கலாம். தீனியை மறுப்பது எல்லை மீறியதன் அடையாளம். நம் குறுகிய தெருக்களில் இடைவெளி தானாகக் கிடைக்காது, தேடிக்கொள்ளவேண்டும். குப்பைத்தொட்டி முனையையும் ஞாயிறு காலையில் இறைச்சிக் கடை வாசலையும் தவிர்ப்பது, நிறுத்திய வண்டிகளை மறைப்பாக்கிக்கொள்வது, சட்டெனத் திரும்பி நடக்க வீட்டுக்குள்ளேயே பழக்குவது ஆகியவை உதவும். தொடக்க வாரங்களில் தெருவையே தவிர்த்து, மொட்டைமாடியில் விளையாட்டும் மோப்பத் தேடலும் தருவதால் இழப்பில்லை.

4.2 எதிர்பார்ப்பை மாற்றுதல்

தாங்கெல்லைக்கு அப்பால் அயல் நாய் கண்ணில் பட்டவுடன் உப்பும் மசாலாவும் சேர்க்காத வேகவைத்த கோழித் துண்டு வரவேண்டும். அந்த நாய் மறைந்ததும் தீனியும் நிற்கவேண்டும். முதலில் நாய், பிறகு கோழி என்ற இவ்வரிசை மாறக்கூடாது. தீனியை முன்கூட்டியே காட்டினால், ஆபத்தின் முன்னறிவிப்பாகவே அது மாறிவிடும். அயல் நாயைக் கண்டதும் இவன் தானாக உரிமையாளர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால், தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பாய்ச்சல் நேர்ந்துவிட்டால் அன்றைய பயிற்சியை நிறுத்தி, ஓரிரு நாள் ஓய்வளிப்பது நல்லது.

4.3 கருவிகள்

மார்புப் பட்டையும் ஏறத்தாழ 2 மீட்டர் உறுதியான கயிறும் போதும். தானே நீண்டு சுருங்கும் கயிறு இந்நாய்க்கு ஆகாது. கடித்த வரலாறு இருந்தால், மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வாய்மூடியை வீட்டில் தீனியோடு பழக்கிய பிறகு அணிவிக்கவேண்டும்.

5. விவாதத்துக்குரிய இரு வழிகள்

5.1 காயடித்தல்

1976-இல் ஹாப்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், காயடித்த பின் ஊர்சுற்றும் பழக்கம் பெரும்பாலான நாய்களிடம் குறைந்தது. ஆண் நாய்களோடு சண்டையிடுவதும் பாதிக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது. ஆகவே பிற ஆண் நாய்களிடம் மட்டும் மோதும் நாய்க்கு இதனால் பயன் இருக்கலாம். ஆண், பெண் எதைக் கண்டாலும் குரைத்துப் பின்வாங்கும் நாயின் வேர் அச்சம். அறுவை அதைத் தொடாது. கற்ற பழக்கமும் சுரப்போடு மறைவதில்லை. அறுவை நடந்தாலும் பயிற்சி தேவைப்படும்.

5.2 தண்டனை

நாயை அடக்கித் தலைமையை நிலைநாட்டவேண்டும் என்ற கருத்து, கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பற்றிய ஷெங்கெலின் 1947-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பரவியது. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளுமான குடும்பமே என்று 1999-இல் டேவிட் மெக் விளக்கினார். 2009-இல் ஹெரான் குழுவினர் வெளியிட்ட கருத்தாய்வில், அடிப்பதும் மல்லாத்தி அமுக்குவதும் பல நாய்களைத் திருப்பித் தாக்கத் தூண்டியது தெரிந்தது. கற்றல் நோக்கிலும் இது பொருந்தாது: அயல் நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து நெரிபட்டால், வலிக்கு அந்த நாயே காரணம் என்ற முடிவுக்கு இவன் வருவான். உறுமலைத் தண்டித்தால் எச்சரிக்கை மட்டும் போய்விடும். எச்சரிக்காமல் கடிக்கும் நாய் மிஞ்சும்.

6. சண்டை மூண்டால்

இடையில் கையை விடக்கூடாது. சண்டை வெறியில் நாய் சொந்த உரிமையாளரையும் கடிக்கும். வாளித் தண்ணீரை ஊற்றலாம், இடையே பலகையைச் செருகலாம். மனிதர்மேல் பல்லோ எச்சிலோ பட்ட காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் செல்லவேண்டும். காயம்பட்ட நாய், முன்பே தடுப்பூசி போட்டதாயினும், மருத்துவரிடம் செல்லவேண்டும்.

7. முடிவு

எல்லா நாய்களோடும் கொஞ்சிக் குலாவும் ஆண் நாயை இம்முறை உருவாக்காது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அது இயல்பும் அன்று. எதிரே வரும் நாயைக் கண்டு, தேவையான தொலைவில் நின்று, உரிமையாளரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தால் அதுவே நிறைவான பயன். முன்னேற்றத்தை அளக்கத் தாங்கெல்லையின் மீட்டர்க் கணக்கு போதும். மாதக்கணக்கில் முறையாகப் பழக்கியும் அது குறையவில்லையென்றால், அல்லது கடி ஆழமாகிக்கொண்டே போனால், நடத்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் துணையை நாடவேண்டும்.