வெள்ளமும் வீட்டாரும்

மழை வேண்டிக் கூழ் ஊற்றுவோர் உண்டு. மழை மிகுந்தால் தெய்வக் குற்றம் என்று தலையில் அடித்துக்கொள்வோரும் உண்டு. இவ்விரு சாராரும் ஏரிக்கரையில் விழுந்த விரிசலை ஒரு கூடை மண் கொண்டு அடைத்ததாக நாம் கண்டதில்லை, கேட்டதில்லை.

வெள்ளம் என்றால் கடலோரத்தாருக்கு வரும் இன்னல் என்பது சிங்காரப்பேட்டை வட்டாரத்தில் வேரூன்றிய எண்ணம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுவை அருகே கரையேறிய ‘பெஞ்சல்’ புயல் அந்த எண்ணத்தைத் தகர்த்தது. புதுவையிலே பெய்தது 48 செ.மீ.; கடலையே காணாத ஊத்தங்கரையிலோ, டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் 50 செ.மீ.! ஓர் ஏக்கர் நிலத்தின்மீது மட்டும் 20 லட்சம் லிட்டர் நீர் விழுந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏரி நிரம்பி வழிந்தது. பேருந்து நிலையத்தருகே நின்ற ஊர்திகள் திருவண்ணாமலைச் சாலையில் காகிதக் கப்பல்களென உருண்டோடின. அந்தச் சாலைதான் நம் ஊருக்கும் வருகிறது.

அன்று வீட்டார் செய்ய வேண்டியிருந்தது என்ன? விடை தேட வரலாற்றைப் புரட்டினால், ஒரு புராணம் குறுக்கே வந்து நிற்கிறது. வைகை பெருகிற்று, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்றான் பாண்டியன், ஆளற்ற கிழவி வந்திக்காகச் சிவனே பிட்டுக்கு மண் சுமந்தான் என்கிறது திருவிளையாடல். அற்புதத்தை உரித்து எறியுங்கள். எஞ்சுவது என்ன? பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கும் அரண்மனைக்காரனுக்கு நிகராகக் கரைப் பங்கு! கூலியாள் அயர்ந்தால் முதுகில் பிரம்படி! பக்தர்கள் கண்ணீர் வடிக்கும் இடத்தில் நமக்குக் கட்டாய உழைப்பின் சான்று கிடைக்கிறது.

உத்தரமேரூரைப் பாருங்கள். பராந்தகச் சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. ஏரிக்கென ஒரு குழு அமைத்த அறிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் குடவோலையில் பெயர் எழுத, கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். மண் சுமந்தவனுக்கு ஏது நிலம்? ஏது வேதம்?

வெள்ளையன் வந்தான், முறை மாறியதா? 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. கரை உடையும் நிலை வந்தால் ஊர்த் தலைவர் ஆட்களை அழைக்கலாம், மறுத்தால் தண்டனை. யாரை அழைக்கலாம்? ‘உழைக்கும் வகுப்பினரை’ மட்டும்! ஏரி நீரில் முப்போகம் கண்டவர் திண்ணையில் இருக்க, ஏர் பிடித்தவர் இடுப்பளவு நீரில் நின்றனர். குடிமராமத்தைப் பொற்காலம் எனப் புகழ்வோர் இந்தச் சொற்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.

மேலூர் ஏரி உடைந்தால் கீழூர் என்னாகும் என்பதை நம் அண்டை ஊரான வாணியம்பாடி 1903ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கண்டது. மைசூர் நாட்டு ஏரிகள் உடைந்து பாலாற்றில் பாய்ந்தன. ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. எல்லைக்கோடு மனிதனுக்குத்தான், நீருக்கு இல்லை! மேலே உள்ள ஏரியின் கரை நம் வீட்டுச் சுவரின் ஒரு பகுதியே. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் கலிங்கு அடைபட்டிருக்கிறதா, வாய்க்காலை எவர் வளைத்திருக்கிறார் என்று இளைஞர்கள் ஒருநாள் நடந்து பார்த்துக் கிராம சபையிலே எழுத்தில் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் செய்வன எளியவை. குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ்கள் யாவும் நெகிழிப் பையில் கட்டிப் பரணில் ஏறட்டும். முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளையின் சான்றிதழ் நனைந்தால், மறுபடி பெற எத்தனை படி ஏற வேண்டும் என்பது ஏழைக்குத் தெரியும். நெல்லும் விதையும் மேலே போகட்டும். குடிநீரை முன்னரே குடங்களில் நிரப்பி மூடுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றில் குளோரின் இடாமல் குடிக்காதீர்கள். நீர் வாசலை நெருங்குமுன் மின்சார முதன்மை விசையை அணையுங்கள். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்; கட்டுத்தறியில் சாவதைவிட நீந்திப் பிழைக்கும். இரண்டடி ஆழத்து ஓட்டம் காரையே மிதக்கச் செய்யும் என்பதால், சாலையில் நீர் ஓடும்போது துணிவு காட்டாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. சுவரிலே எழுதி வையுங்கள்.

தெருவுக்குத் தெரு இன்னொரு பட்டியலும் வேண்டும். துணையின்றி வாழும் முதியோர், நிறைசூலி, நடக்க இயலாதோர் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்று குறித்து, மழை இரவில் அவர்களைப் பள்ளிக் கட்டடத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை இப்போதே இருவர் இருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த நிலம் எவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். பட்டியலை அந்தத் தெருவிலிருந்து தொடங்குங்கள்.