கப்பலுக்கும் செக்குக்கும் நடுவே

திரேஸ்புரம் போயிருக்கிறீர்களா? தூத்துக்குடியின் வடக்கு ஓரத்தில், வள்ளங்கள் வரிசைகட்டி நிற்கும் கடற்கரை. மீன் வாசனைக்கு மூக்கு பழகிவிட்டால் போதும், எழுந்து வர மனசே வராது. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. சங்கு குளிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து இங்கே எடுக்கும் சங்கு, வங்காளத்துக்குப் போய் கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது. காலம் காலமாக நடக்கும் வியாபாரம்.

அந்த வங்காளத்திலிருந்து பதிலுக்கு ஒரு சரக்கு 1905-ல் இங்கே வந்து இறங்கியது. அதன் பெயர் சுதேசி.

அதைப் பற்றிப் பேசத்தான் போனேன். டீக்கடையில் ஒரு தம்பி மாட்டினான். இருபது வயசு இருக்கும். டீ சொல்லிவிட்டு, செல்போனைத் துடைத்தபடி ஆரம்பித்தான்: "சைனாக்காரன் சாமான் எதையும் தொடக் கூடாது அண்ணாச்சி. மானமுள்ளவன் வாங்குவானா?" அவன் துடைத்துக்கொண்டிருந்ததே சீனக் கம்பெனி போன். நான் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தான். நல்ல பையன்.

"வ.உ.சி. யாரு, தெரியுமாப்பா?"

"தெரியாம இருக்குமா? கப்பல் ஓட்டினாரு. செக்கு இழுத்தாரு."

"ரெண்டுக்கும் நடுவுல?"

யோசித்தான். டீ ஆறிப்போனது. பதில் வரவில்லை.

அவனைக் குறை சொல்லாதீர்கள். உங்களிடமும் என்னிடமும் கேட்டிருந்தால் நாமும் இதைத்தான் சொல்லியிருப்போம். பாடப்புத்தகத்தில் கப்பல் இருக்கிறது, செக்கு இருக்கிறது. நடுவில் உள்ள பக்கத்தை யாரோ மெல்ல உருவிவிட்டார்கள்.

சீனாவிலும் இதே மாதிரி ஒரு பக்கம் காணாமல் போயிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், வாருங்கள்.

நான் பி.காம். படித்தவன். எனக்குச் சரித்திரத்தைக்கூட வரவு செலவாகத்தான் பார்க்கத் தெரியும். எனவே கம்பெனிக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1906 அக்டோபர் 16. கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டி சரியாக ஒரு வருடம். அன்றைக்குத்தான் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். உதவிச் செயலாளர், ஓட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ் வளர்த்த ஜமீன்தார், முஸ்லிம் வணிகர், சைவ சித்தாந்தம் படித்த வக்கீல். ஊரில் அதற்கு முன்பே பேச்சும் படிப்பும் விவாதமுமாக ஒரு சூழ்நிலை இருந்தது. தூத்துக்குடி சைவ சித்தாந்த சபை 1883-லேயே வந்துவிட்டது. கப்பல் தண்ணீரில் மிதப்பதற்கு முன்னால் யோசனையில் மிதந்தது.

வாடகைக்கு எடுத்த கப்பலை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தட்டிப் பறிக்க, வ.உ.சி. சொந்தக் கப்பலுக்கு அலைந்தார். 1907-ல் காலியா வந்தது. லாவோ வந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கொடி பறந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, 'சும்மாவே வா, குடையும் தருகிறேன்' என்கிற அளவுக்கு இறங்கிவிட்டதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். எங்கள் காமர்ஸ் வாத்தியார் பாஷையில், போட்டிக்காரனை நஷ்டப்பட்டாவது கொல்லும் விலை.

அதே வருடங்களில் சீனாவிலும் இதே காய்ச்சல் அடித்தது என்பது பலருக்குத் தெரியாது. சீனர்களை உள்ளே விடக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டு வைத்திருந்தது. அதைக் கண்டித்து 1905 ஜூலையில் ஷாங்காய் வியாபாரிகளும் மாணவர்களும் அமெரிக்கச் சரக்கைப் பகிஷ்கரித்தார்கள். கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கத் தீர்மானம் போட்டது ஆகஸ்ட் 7-ம் தேதி. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. ஆசியாவின் இரண்டு பெரிய தேசங்கள், வாங்காமல் இருப்பதே ஆயுதம் என்பதை ஒரே கோடையில் கண்டுபிடித்தன!

சரி, நம் பையனின் காணாமல் போன பக்கத்துக்கு வருவோம்.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வெள்ளைக்காரர்களின் நூற்பாலை. கூலி குறைவு. வேலை நேரத்துக்கு எல்லை கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் லீவு என்பதெல்லாம் கனவு. வ.உ.சி.யும், 23 வயதே ஆன சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களின் பக்கம் போய் நின்றார்கள். யோசித்துப் பாருங்கள். வ.உ.சி. ஒரு கம்பெனியின் உதவிச் செயலாளர். முதலாளிகள் பக்கம் உட்கார வேண்டிய மனிதர். ஆனால் அவர் கணக்கில், வெள்ளைக்காரன் போவது மட்டும் சுயராஜ்யம் இல்லை. மில்லில் நூல் நூற்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதும் அதில் சேர்த்திதான். ஊரே சேர்ந்துகொண்டது. சுதேசிகளை ஏளனமாகப் பேசிய வக்கீல் ஒருவரின் முகத்தைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வார விடுமுறை கிடைத்தது.

கப்பலைப் போட்டியாக நினைத்த அரசாங்கம், இதை ஆபத்தாக நினைத்தது. மார்ச் 12-ம் தேதி கைது. 13-ம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் தீ. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். ஜூலையில் தீர்ப்பு: வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள். அப்பீலில் பிறகு குறைந்தது. வக்கீல் செக்கிழுக்கப் போனார். கவனிக்க ஆளில்லாத கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது.

அதே 1911, ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, 25 வயது வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். கோரல் மில் சமயத்தில் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர்தான் ஆஷ். உயிரையே கொடுத்தவரின் தியாகத்தை எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை ஒருமுறை படியுங்கள். தேசக் கோபம் இருக்கிறது, சனாதன தர்மம் இருக்கிறது, தாழ்த்தப்பட்டவர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையும் இருக்கிறது. மில் தொழிலாளி இல்லை. பக்கீர் சேட்டின் 8,000 பங்கு இல்லை. மூன்றே வருடம்! கோபம் அப்படியே இருந்தது. யோசனை பாதி வழியில் இறங்கிவிட்டது.

இப்போது பெய்ஜிங்.

1915-ல் சென் துசியூ என்பவர் ஷாங்காயில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். சீக்கிரமே அதற்குப் 'புதிய இளைஞர்' என்று பெயர் வந்தது. அதில் எழுதியவர்கள் திட்டியது அந்நியனை அல்ல, சொந்த வீட்டை. ஏன் பெண்களை அடக்கி வைக்கிறோம், ஏன் ஜனங்களுக்குப் புரியாத பழைய பாஷையில் எழுதுகிறோம், ஏன் பெரியவர் சொன்னால் கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறோம். லு சுன் பேச்சுச் சீனத்தில் கதை எழுதியது இதில்தான். நாட்டைக் காப்பாற்ற இரண்டே பேரால்தான் முடியும் என்று சென் எழுதினார்: ஜனநாயகம், விஞ்ஞானம். இருவருக்கும் 'மிஸ்டர்' பட்டம் வேறு போட்டிருந்தார்.

இதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள்தான் 1919 மே 4 அன்று தியானன்மென்னில் கூடினார்கள். சுமார் 3,000 பேர். ஜெர்மனி வசம் இருந்த ஷாண்டாங் உரிமைகளைச் சீனாவிடம் தராமல் ஜப்பானிடம் தூக்கிக் கொடுத்தது பாரிஸ் சமாதான மாநாடு. கொதித்துவிட்டார்கள். ஜப்பானுக்குத் துணைபோன மந்திரியின் வீட்டைக் கொளுத்தினார்கள். ஜப்பான் சரக்கைப் பகிஷ்கரித்தார்கள். ஷாங்காய் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கடைசியில் சீனப் பிரதிநிதிகள் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை.

ஆக, மே நாலுக்கு இரண்டு பாதி. ஒன்று, வெளியே பார்த்துக் கோபப்படுவது. இன்னொன்று, உள்ளே பார்த்துக் கேள்வி கேட்பது.

சென் துசியூ 1921-ல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவர். 1929-ல் அதே கட்சி அவரை வெளியேற்றியது. 1942-ல் ஒரு சின்ன ஊரில், வறுமையில், யாரும் கவனிக்காமல் செத்துப்போனார். 1936-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. கண்மூடியபோதும் நிலைமை பெரிதாக வேறில்லை. ஆனால் மே 4 மட்டும் அங்கே இளைஞர் தினமாக ஜம்மென்று நிற்கிறது. 2019-ல் நூற்றாண்டு கொண்டாடினார்கள். மே நாலின் ஆதார சுருதி தேசபக்தி, இளைஞர்கள் கட்சி காட்டும் வழியில் நடக்க வேண்டும் என்றார் ஷி ஜின்பிங். மிஸ்டர் ஜனநாயகத்துக்கு அந்தக் கல்யாணத்தில் பந்தி கிடைக்கவில்லை.

1989-ல் அவரைத் தேடித்தான் மாணவர்கள் அதே தியானன்மென்னுக்கு வந்தார்கள். ஜூன் 4-ம் தேதி துப்பாக்கி பதில் சொன்னது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் 'தேசபக்திக் கல்வி' பலமாக வந்தது. அந்நியர் செய்த அவமானங்கள் ஒவ்வொன்றும் பாடமாயின. அதில் வளர்ந்த கோபக்கார இளைஞர்களுக்கு 'ஃபென்ச்சிங்' என்று பெயர். 2008-ல், பாரிஸில் ஒலிம்பிக் ஜோதிக்கு எதிர்ப்பு வந்தது என்று, பிரெஞ்சுக் கடையான கார்ஃபூர் வாசல்களில் கூடினார்கள். 2012-ல், தீவுத் தகராறில் ஜப்பான் மேல் கோபம். ஷியான் நகரத்தில் ஜப்பான் கார் ஓட்டி வந்த ஒருவரின் மண்டையை உடைத்தார்கள். அடிபட்டவரும் சீனர்தான். உழைத்துச் சேர்த்த காசில் கார் வாங்கியவர். 2021-ல், ஷின்ஜியாங் பருத்தி வேண்டாம் என்ற வெளிநாட்டு ஜவுளிக் கம்பெனிகள் மேல் கோபம்.

இவர்களையெல்லாம் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது சரியில்லை. அவமானம் நிஜம். 1905-ல் அமெரிக்கா கதவைச் சாத்தியதும் நிஜம், 1919-ல் பாரிஸ் ஏமாற்றியதும் நிஜம். கோபம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபம் எந்தப் பக்கம் திரும்பலாம், எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

சந்தேகமிருந்தால் 2018-ஐப் பாருங்கள். ஷென்சென் நகரத்தில் ஜாசிக் என்ற தொழிற்சாலை. தொழிலாளர்கள் சங்கம் வைக்க முயன்றார்கள். வேலை போனது. சிலர் கைதானார்கள். பீகிங் பல்கலைக்கழகம் உள்படப் பல இடங்களிலிருந்து மாணவர்கள் ஆதரவாக வந்தார்கள். கையில் மார்க்ஸ், மாவோ. அந்த நாட்டின் பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான் பேசினார்கள். ஆகஸ்ட் 24 அதிகாலை, அவர்கள் தங்கியிருந்த இடத்தில் போலீஸ் புகுந்து ஏறத்தாழ 50 பேரை அள்ளிக்கொண்டு போனது. கடை வாசலில் கொடி பிடித்தவன் பெரும்பாலும் வீடு போய்ச் சேர்ந்தான். மில் வாசலில் நின்றவனைத்தான் தேடி வந்தார்கள். 1908-ல் நம்ம ஊரில் நடந்ததும் அதுதானே?

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். மாடியிலிருந்து சீன டி.வி.யைத் தூக்கிப் போட்டு உடைக்கும் காட்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மறு வருடமே இரு நாட்டு வர்த்தகம் 12,500 கோடி டாலரைத் தாண்டியது. உடைந்த டி.வி.க்குப் பதிலாக என்ன வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இதே தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி இருக்கிறது. விடுதலையான பிறகு வ.உ.சி. வக்கீல் தொழில் பார்த்த ஊர்களில் ஒன்று. சீன பிளாஸ்டிக் லைட்டர் வந்து அங்கே தீப்பெட்டி ஆபீஸ்களின் அடுப்பில் கை வைத்தது. அவர்கள் எதையும் கொளுத்தவில்லை, தீக்குச்சி கையில் இருந்தும்! எத்தனை பெண்களின் வேலை போகிறது என்று கணக்கோடு விடாமல் மனு கொடுத்தார்கள். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. தேசபக்தி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வ.உ.சி. இருந்தால் வைத்திருப்பார்.

கணக்குப் படித்தவனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அந்தக் கோபம் தணிந்த பிறகு வரவுப் பக்கம் என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு கப்பல், ஒரு தொழிற்சங்கம், சாமானியனுக்குப் புரியும் ஒரு பாஷை, எதுவாவது இருக்கிறதா? இல்லை, உடைந்த கண்ணாடி மட்டும்தானா?

இதில் கொஞ்சத்தை டீக்கடைத் தம்பியிடம் சொன்னேன். பெய்ஜிங் விஷயங்களில் அவனுக்கு அத்தனை ஆர்வம் இல்லை. கோரல் மில் கதையை மட்டும் கூர்ந்து கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை லீவுக்கா அவ்வளவு சண்டை?" என்றான். "நாங்க ஞாயித்துக்கிழமை கடலுக்கே போக மாட்டோம் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "எங்கக்கா வேலை பாக்கிற கம்பெனியில ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்றான்."

டீக்காசை அவன்தான் கொடுத்தான். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.